வேகப்பந்து வீசும் இளைஞனின் முதுகு

தெஹிவளைப் புகையிரத நிலையத்தை அடுத்த கடற்கரையிலே மாலை வேளையில் நிற்பவர் எவரும் ஒரு காட்சியைக் காணலாம். இருப்புப்பாதைக்கும் அலைகளுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பில் சிறுவர் சிலர் மூன்று குச்சிகளை நாட்டி, மென்பந்தைக் கொண்டு கிரிக்கெட் ஆடுவர். அவருள் ஒருவன் தூரத்திலிருந்து ஓடிவந்து, துள்ளி எழுந்து, உடலை வில்லென வளைத்துப் பந்தை விடுவான். அவன் உள்ளத்திலே உள்ள ஆசை ஒன்றே. எவரும் தொடமுடியாத வேகத்தில் பந்து செல்லவேண்டும். இரத்கமையில் இத்தகைய மென்பந்து ஆட்டத்திலே வளர்ந்து, பின்னர் உலகமெங்கும் பெயர் பெற்றவர் லசித் மாலிங்க. ஆதலால் அச்சிறுவனின் ஆசையை வீணாசை என்று எவரும் தள்ளிவிட முடியாது.

மணலிலே விளையாடும் இந்தச் சிறுவன் பதினான்கு, பதினைந்து வயதில் பாடசாலை அணியிலே சேருகின்றான். மென்பந்து போய்க் கடினமான தோற்பந்து கைக்கு வருகின்றது. மெத்தென்ற மணல் போய் இறுகிய ஆடுகளம் காலுக்குக் கீழ் வருகின்றது. பாடசாலை அணி, கழக அணி, வயதுப் பிரிவு அணி என்று அவனை அழைப்போர் பலராகின்றனர். அவ்வேளையிலேதான் அவனுடைய நாரியில், அதாவது முதுகின் கீழ்ப்பகுதியில், எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒரு சோதனை தொடங்குகின்றது.

கொழும்பு மாநகரம் வேகப்பந்து வீச்சின் பெருமையையும் அதன் விலையையும் ஒருங்கே கண்ட நகரம். பொரளையை அடுத்துள்ள தமிழ் யூனியன் கழகத்தின் மைதானமாகிய பி. சரவணமுத்து அரங்கிலேதான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது. அதே மைதானத்தில் 1985 செப்டெம்பரில் இந்தியாவை வென்று இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது, வேகப்பந்து வீச்சாளர் ருமேஷ் ரத்நாயக்க ஒன்பது விக்கெட்டுகளைச் சாய்த்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2015 ஜூனில், துஷ்மந்த சமீர என்னும் இளைஞர் அம்மைதானத்திலேயே தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். நாடு நெடுநாளாக எதிர்பார்த்திருந்த வேகம் அவரிடம் இருந்தது. ஆனால் ஓராண்டு நிறைவதற்குள், 2016 மே மாதத்து இங்கிலாந்துப் பயணத்தின் இடையிலே, நாரி என்பில் ஏற்பட்ட முறிவினால் அவர் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் "துரதிர்ஷ்டம்" என்ற ஒரு சொல்லால் அதனை மூடிவிடுவது பலருக்கும் வழக்கம். அஃது உண்மையில் துரதிர்ஷ்டந்தானா? அன்றி, முன்கூட்டியே மதிப்பிடக்கூடிய ஓர் ஆபத்தா? கடந்த நாற்பது ஆண்டுகளில் இத்துறையில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் தரும் விடை தெளிவானது. இன்னாருக்கு இன்ன நாளில் முறியும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் எவருடைய முதுகு ஆபத்தை நோக்கிச் செல்கின்றது என்பதை நோ தோன்றுவதற்கு முன்னரே பெரும்பாலும் அறியலாம். அதற்கு வேண்டிய முதற் கருவி பெரிய இயந்திரம் அன்று. ஒரு கொப்பியும் ஒரு பென்சிலுமே.

இதனை விளங்கிக்கொள்வதற்கு முதுகின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஐந்து நாரி முள்ளென்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் முன்புறமும் தடித்த உருளையாக இருந்து உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. பின்புறத்திலோ வளைவான என்புப் பகுதி ஒன்று உண்டு. மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் இணைக்கும் ஒடுங்கிய பாலம் ஒன்று அவ்வளைவின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றது. வேகப்பந்து வீச்சாளரின் முதுகில் முறிவு நிகழும் இடம் பெரும்பாலும் இந்தப் பாலமே. அதிலும் நான்காம், ஐந்தாம் முள்ளென்புகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

வலக்கையால் பந்து வீசும் ஒருவரை எடுத்துக்கொள்வோர் இதன் காரணத்தை எளிதில் காணலாம். அவர் ஓடிவந்து துள்ளி, முதலில் வலக்காலையும் பின்னர் இடக்காலையும் நிலத்தில் ஊன்றுகின்றார். இடக்கால் ஊன்றும் அந்தக் கணத்தில் நிலம் அவரை மேல்நோக்கித் தாக்கும் விசை, உடல் நிறையின் ஐந்து மடங்குக்கும் மேற்படுவது சாதாரணம். அதே கணத்தில் அவருடைய உடல் பின்னோக்கி வளைந்த நிலையிலிருந்து முன்னோக்கி மடிகின்றது, இடப்பக்கம் சாய்கின்றது, அத்துடன் சுழலவும் செய்கின்றது. வளைவு, சாய்வு, சுழற்சி ஆகிய மூன்றும், கீழிருந்து வரும் தாக்கமும் ஒரு வினாடியின் சிறு கூறுக்குள் ஒருங்கு சேர்ந்து, இடப்பக்கத்து என்புப் பாலத்தை நசுக்குகின்றன. ஆகவேதான் வலக்கை வீச்சாளருக்கு முறிவு பெரும்பாலும் இடப்பக்கத்திலும், இடக்கை வீச்சாளருக்கு வலப்பக்கத்திலும் தோன்றுகின்றது.

ஒரு பந்தினால் என்பு முறிவதில்லை. நூறு பந்தினாலும் முறிவதில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர் முன்னோர். ஆனால் என்புக்கும் கல்லுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கல் தேய்ந்தால் தேய்ந்ததே. என்போ உயிருள்ள பொருள். தன்னில் உண்டாகும் நுண்ணிய சிதைவைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் வாய்ந்தது. அத்திருத்த வேலைக்கு அது கேட்பது காலம் ஒன்றே. வெள்ளவத்தையிலே காலி வீதிக் கடையொன்றை நடத்தும் வணிகர் நாள்தோறும் வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றார் அல்லவா? அதுபோலவே வீசும் ஒவ்வொரு பந்தும் என்பின் கணக்கிலே செலவு. ஓய்வு நாள் ஒவ்வொன்றும் வரவு. செலவு தொடர்ந்து வரவை மிஞ்சுமாயின், முதலில் என்பினுள்ளே வீக்கம் தோன்றும். பின்னர் மெல்லிய வெடிப்பு உண்டாகும். இறுதியில் அது முறிவாகும். இதனையே தகைப்பு முறிவு என்பர். கடை முறிந்த பின்னர் கணக்கைப் புரட்டுவதனால் பயன் யாது?

ஆபத்தை மதிப்பிடுவோர் முதலில் கேட்கவேண்டிய வினா வயதைப் பற்றியது. உயரம் வளர்ந்துவிட்டது, மீசை அரும்பிவிட்டது என்பதனால் என்பும் முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாகாது. நாரி முள்ளென்புகள் முழு வலிமை எய்துவது இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே. பதினாறு வயதுச் சிறுவன் வளர்ந்த ஒருவரின் வேகத்தில் வீசலாம். ஆனால் அவன் வீசுவது முதிராத என்பைக் கொண்டு. அவுஸ்திரேலியாவின் பட் கமின்ஸ் 2011 நவம்பரில், தம் பதினெட்டாம் வயதில், ஜொகன்னஸ்பேர்க்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்டநாயகனாகவும் தெரிவு செய்யப்பட்டார். முதுகு முறிவுகள் முதலான காயங்கள் அடுத்தடுத்து வந்தமையால், அவர் தம் இரண்டாவது டெஸ்ட் ஆட்டத்தை 2017 மார்ச்சிலேதான் ஆட முடிந்தது. சிறந்த வைத்தியர்களும் வசதிகளும் சூழ்ந்திருந்த ஒருவருக்கே ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு நேர்ந்தது.

இவ்வயதினரிடையே இந்த ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை மேற்கு அவுஸ்திரேலியாவில் நடந்து 1989 இல் வெளியான ஓர் ஆராய்ச்சி புலப்படுத்தியது. சராசரியாகப் பதினேழு வயதை நெருங்கிய, திறமை மிக்க 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஆராய்ச்சியாளர் ஒரு பருவம் முழுவதும் கவனித்தனர். அப்பருவம் முடிவதற்குள் நூற்றுக்கு 11 பேருக்கு முள்ளென்பிலே தகைப்பு முறிவு ஏற்பட்டது. மேலும் 27 வீதத்தினர் முதுகின் தசை முதலிய மென்பகுதிகளிலே காயமுற்று, ஓர் ஆட்டத்தையாவது தவறவிட்டனர். பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் ஒரே பருவத்தில் முதுகினால் இடருற்றனர் என்பது இதன் பொருள். அதிகமாகப் பந்து வீசியமையும், வீசும்போது தோள்களை மிகுதியாகத் திருப்பியமையும் அக்காயங்களோடு தொடர்புற்றிருந்தன.

ஆதலால் இரண்டாவது வினா எண்ணிக்கையைப் பற்றியது. ஒருவன் எத்தனை பந்து வீசுகின்றான்? இரு வீச்சு நாள்களுக்கு இடையே எத்தனை நாள் ஓய்வு பெறுகின்றான்? அவுஸ்திரேலியச் சிறுவர் 44 பேரைப் பற்றி 2005 இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், சராசரியாக மூன்றரை நாளுக்குக் குறைந்த இடைவெளியில் பந்து வீசியவர்க்குக் காயம் நேரும் ஆபத்து, ஏனையோரிலும் பார்க்க ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இங்கிலாந்துக் கிரிக்கெட் சபையும் இளம் வேகப்பந்து வீச்சாளருக்கென வயதுக்கேற்ற வரம்புகளை வகுத்தது. பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர் ஒரு தொடரில் ஐந்து ஓவர், ஒரு நாளில் பத்து ஓவர். பதினைந்துக்கு உட்பட்டவர் ஆறும் பன்னிரண்டும். பதினேழுக்கு உட்பட்டவர் ஏழும் பதினெட்டும் என்பது அவ்வரம்பு. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேற்படாமலும், தொடர்ச்சியாக இரண்டு நாளுக்கு மேற்படாமலும் வீசுவது நன்று என்ற அறிவுரையும் அதனோடு வழங்கப்பட்டது.

இவ்வரம்புகளின் பொருளை ஓர் எடுத்துக்காட்டினால் காணலாம். தெஹிவளையில் வாழும் பதினாறு வயது மாணவன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்க. திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று நாள்களிலும் பாடசாலைப் பயிற்சியில் நாளுக்கு எட்டு ஓவர் வீசுகின்றான். சனிக்கிழமை பாடசாலை ஆட்டத்திலே பதினைந்து ஓவர். ஞாயிற்றுக்கிழமை கழக அணிக்காக எட்டு ஓவர். எந்த ஒரு நாளிலும் பதினெட்டு ஓவர் என்ற வரம்பை அவன் தாண்டவில்லை. பாடசாலைப் பயிற்றுநரைக் கேட்டால் "அளவோடுதான் வீசுகின்றான்" என்பார். கழகப் பயிற்றுநர் "வாரத்துக்கு எட்டு ஓவர்தானே" என்பார். இருவரும் பொய்யுரைக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தில் அவன் வீசிய பந்துகள் மொத்தம் 282. ஏழு நாளில் ஐந்து நாள் அவன் பந்து வீசியிருக்கின்றான். இந்த முழுத்தொகையை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அவனுடைய முதுகு மட்டுமே அறியும்.

மூன்றாவது வினா திடீர் ஏற்றத்தைப் பற்றியது. அதே மாணவன் பரீட்சைக் காலத்திலே வாரத்துக்கு அறுபது பந்துகள் மட்டுமே வீசிவந்தான் என்று வைத்துக்கொண்டால், பரீட்சை முடிந்ததும் ஒரே பாய்ச்சலில் 282 பந்துகளுக்குச் செல்வது, உறங்கிக் கிடந்த என்பைத் தட்டியெழுப்பி மலையேறச் சொல்வதற்கு ஒப்பாகும். மார்ச் மாதத்திலே பாடசாலைகளின் பெரும் ஆட்டங்கள் நெருங்குகின்றன. கொழும்பிலே றோயல் கல்லூரியும் கல்கிசை சென் தோமஸ் கல்லூரியும் பொருதும் ஆட்டம், யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் பொருதும் வடக்கின் சமர் ஆகியன ஊரையே திரட்டும் விழாக்கள். அந்த நாள்களை நோக்கிப் பயிற்சி முறுக்கேறுவது இயல்பு. ஆனால் ஏற்றம் படிப்படியாக அமையவேண்டும். செலவுக்குரிய விலை அன்றே கேட்கப்படுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். வளர்ந்த வீச்சாளரைப் பற்றி 2009 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆராய்ச்சியொன்று, ஒரே ஆட்டத்தில் ஐம்பது ஓவருக்கு மேல் வீசியவர்க்கு அடுத்து வரும் மூன்று வாரங்களிலே காயம் நேரும் ஆபத்து மிகுந்திருந்ததைக் காட்டியது. வெற்றி விழா முடிந்து, மாலைகள் வாடிய பின்னரே நாரி தன் பற்றுச்சீட்டை நீட்டுகின்றது.

இதிலிருந்து, பந்து வீசாதிருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்வது தவறாகும். என்பு சும்மா இருந்தால் வலுப்பெறுவதில்லை. நெடுங்காலம் வீசிப் பழகிய வேகப்பந்து வீச்சாளரின் நாரி முள்ளென்புகளை ஆராய்ந்தவர்கள், பந்து வீசும் கைக்கு எதிர்ப்புறத்தில் என்பு கூடுதலாக இறுகியிருப்பதைக் கண்டுள்ளனர். தாங்கக்கூடிய பளு தகுந்த இடைவெளியோடு வந்தால் என்பு தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்கின்றது. ஆகவே மிகுதியும் தீது, குறைவும் தீது. மாதக்கணக்கிற் குறைத்துவிட்டு ஒரு வாரத்தில் மிகுத்தல் எல்லாவற்றிலும் தீது.

நான்காவது வினா வீச்சின் முறையைப் பற்றியது. பின்கால் ஊன்றும்போது தோள்களும் இடுப்பும் பக்கவாட்டில் நிற்பது ஒரு முறை. இரண்டும் ஆட்டக்காரரை நோக்கி முன்முகமாக நிற்பது மற்றொரு முறை. இவ்விரண்டிலும் தோளும் இடுப்பும் ஒன்றோடொன்று இணங்கிச் செல்கின்றன. இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறொரு திசையையும் நோக்கி நிற்க, இடையிலுள்ள நாரி துவாய் பிழிவதுபோல முறுக்கப்படுவது கலப்பு முறை. பின்கால் ஊன்றிய பின்னர் தோள்கள் முப்பது பாகை அளவுக்கு மேல் எதிர்ப்புறம் திரும்புமாயின், அதனைக் கலப்பு முறையின் அடையாளமாக ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாகக் கொண்டுள்ளனர். அண்மைக் கால ஆராய்ச்சிகள் தோளை மட்டும் நோக்காது, முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் எவ்வளவு பக்கம் சாய்கின்றது, நாரி எவ்வளவு பின்வளைகின்றது, இடுப்பும் முழங்காலும் எந்நிலையில் உள்ளன என்பவற்றையும் நோக்குகின்றன. இன்று ஒரு கைத்தொலைபேசி இருந்தாற் போதும். வீச்சைப் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பயிற்றுநரும் மாணவனும் சேர்ந்து பார்க்கலாம். எனினும் பிழை கண்டவுடன் ஒரே வாரத்தில் முறையை மாற்ற முனைவது நன்றன்று. மாற்றம் பருவம் ஓய்ந்த காலத்திலே, அறிந்தவரின் மேற்பார்வையில், பொறுமையோடு செய்யப்படவேண்டும்.

ஐந்தாவது வினா உடலைப் பற்றியது. வயிற்றையும் முதுகையும் இடுப்பையும் சூழ்ந்த தசைகள் வலுவாக உள்ளனவா? இடுப்பு மூட்டு தாராளமாக அசைகின்றதா? ஒரு காலில் நின்று முழங்காலை மடிக்கும்போது உடல் தள்ளாடுகின்றதா? உணவும் உறக்கமும் போதியனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னர் எப்போதாவது முதுகில் காயம் நேர்ந்ததா? இயன்மருத்துவர் இவற்றைச் சோதிப்பர். இச்சோதனைகளுள் எதுவும் தனித்து நின்று வருவதை உரைக்கும் சோதிடம் அன்று. வயது, எண்ணிக்கை, ஏற்றம், வீச்சு முறை ஆகியவற்றோடு சேர்த்து நோக்கும்போதே அவை பொருள் தருகின்றன. வேகமாக வளர்ந்துவரும் சிறுவன், ஓய்வின்றி வீசுகின்றான், கலப்பு முறையில் வீசுகின்றான், சென்ற ஆண்டும் நாரி நொந்தது என்றால், நான்கு விளக்குகளும் ஒருங்கே சிவப்பாக எரிகின்றன என்பது பொருள்.

இவையெல்லாம் நோ வருவதற்கு முன் கேட்கவேண்டியவை. நோ வந்த பின் நடப்பது யாது? பயிற்சி முடிந்து வீடு திரும்பும் மகன் குனிந்து சப்பாத்தைக் கழற்றச் சிரமப்படுகின்றான். "என்ன தம்பி, நாரி பிடிச்சுப் போச்சோ?" என்று தாய் கேட்கின்றாள். "ஒன்றுமில்லை அம்மா" என்கின்றான் மகன். தாய் எண்ணெய் தடவி ஒத்தடம் கொடுக்கின்றாள். மூன்று நாள் மழை பெய்து பயிற்சி நின்றுவிடுகின்றது, நோவும் தணிகின்றது. எண்ணெயின் குணம் என்று வீடு மகிழ்கின்றது. நான்காம் நாள் பந்து வீசியதும் அதே இடத்தில் அதே நோ திரும்புகின்றது. இப்பொழுது அவன் தாயிடமும் சொல்வதில்லை, பயிற்றுநரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பெரும் ஆட்டத்தில் இடம் போய்விடும் என்ற அச்சம். பதினாறு வயது உள்ளத்துக்கு அந்த ஓர் இடம் உலகத்திலும் பெரிது. அவனை மட்டும் குறைகூறுவதில் நீதியில்லை. நோவைச் சொன்னவனைக் கோழை என்று நகைக்கும் வழக்கமே அவன் வாயை மூடுகின்றது.

பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரே இடத்தில் தோன்றும் நோ. பின்னோக்கி வளையும்போது மிகும் நோ. ஓய்வில் தணிந்து வீச்சில் திரும்பும் நோ ஆகிய மூன்றும் இளம் வீச்சாளரிடம் கண்டால், அது வெறும் பிடிப்பு அன்று என்று ஐயுறவேண்டும். அன்றே பந்து வீச்சை நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும். களுபோவில போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலைக்கோ, விளையாட்டு மருத்துவம் அறிந்த வைத்தியரிடமோ செல்லும்போது, பிள்ளை வேகப்பந்து வீசுபவன் என்பதைப் பெற்றோர் மறவாது சொல்லவேண்டும். அந்த ஒரு செய்தியே வைத்தியரின் நோக்கைத் திருப்பக்கூடியது. தொடக்க நிலையிலுள்ள வெடிப்பு சாதாரண எக்ஸ்றேப் படத்தில் தெரியாமற் போவது உண்டு. எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படப்பிடிப்போ, என்பு வெடிப்பதற்கு முன்னர் அதனுள்ளே தோன்றும் வீக்கத்தையும் காட்டவல்லது. அந்நிலையில் கண்டுபிடித்தால் ஓய்வுக் காலம் குறையும். முறிவையே தடுத்துவிடவும் கூடும். முறிந்த பின்னரோ, பல மாதங்கள் பந்தைத் தொடாதிருக்க நேரும். பெரும்பாலான முறிவுகள் சத்திரசிகிச்சையின்றியே, ஓய்வினாலும் ஒழுங்கான பயிற்சியினாலும் ஆறுவன. கவனியாது விடின், அவை ஆறாத வெடிப்பாக நிலைத்துவிடவும், மறுபக்கத்துப் பாலமும் முறியவும் இடமுண்டு.

முறிந்தவர் மீண்டதில்லையா என்று கேட்போருக்கு வரலாறு நம்பிக்கை தருகின்றது. அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லி 1973 இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடும்போது நாரி என்பு முறிவுகளால் வீழ்ந்தார். உடலைச் சுற்றிச் சாந்துக் கட்டிட்டு வாரக்கணக்கில் இருந்தார். பின்னர் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து உடற்பயிற்சி அறிஞர் பிராங் பைக் வகுத்த முறைப்படி பயின்று, 1974-75 பருவத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 25 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே லில்லி 1987 முதல் 2012 வரை சென்னையிலுள்ள எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சு நிலையத்தில் இளைஞருக்கு வழிகாட்டினார். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மிபதி பாலாஜி எட்டு டெஸ்ட் ஆட்டங்களில் 27 விக்கெட்டுகள் பெற்று ஒளிவீசிய வேளையில், முதுகு முறிவினால் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருக்க நேர்ந்தது. தம் வீச்சு முறையைத் திருத்திக்கொண்டு மீண்ட அவர், 2008 மேயில் இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகளின் முதலாவது ஹற்றிக்கைச் சாதித்தார். 2009 பெப்ரவரியில் கொழும்பிலே இந்தியாவுக்காக மீண்டும் ஒரு நாள் ஆட்டம் ஆடினார். ஆனால் டெஸ்ட் ஆட்டம் எதிலும் அவர் பின்னர் ஆடவில்லை. நியூசிலாந்தின் ஷேன் பொண்ட் 2004 இல் முதுகிலே சத்திரசிகிச்சை செய்துகொண்டு மீண்டாரெனினும், அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் பதினெட்டு மட்டுமே. இந்தியாவின் ஜஸ்பிரித் பும்ரா 2019 இல் நாரி என்பு முறிவினாலும் 2022 இல் மீண்டும் முதுகு காயத்தினாலும் விலகி, 2023 மார்ச்சில் சத்திரசிகிச்சை பெற்று, அவ்வாண்டு ஓகஸ்டில் களம் திரும்பினார். துஷ்மந்த சமீரவும் மீண்டு வந்து பல ஆண்டுகள் நாட்டுக்காக வீசினார். மீளலாம் என்பது உண்மை. மீள்வதற்குக் கொடுத்த காலம் திரும்பி வருவதில்லை என்பதும் உண்மை. அவர்களைச் சூழ்ந்து வைத்தியரும் பயிற்றுநரும் நின்றனர். சாதாரணப் பாடசாலை மாணவனுக்கு அத்தகைய துணை வாய்ப்பதில்லை. அவன் பெயர் பத்திரிகையில் வராமலே அவனுடைய ஆட்டம் முடிந்துவிடுகின்றது.

ஆகவேதான் அந்தக் கொப்பி முக்கியமாகின்றது. அதிலே எழுதவேண்டியவை சிலவே: திகதி, அன்று வீசிய பந்துகளின் தொகை, யாருக்காக வீசினான் என்பது, முதுகில் நோ உண்டா இல்லையா என்பது. பாடசாலை, கழகம், வயதுப் பிரிவு அணி, வலைப் பயிற்சி ஆகிய எல்லாவற்றின் தொகையும் ஒரே பக்கத்தில் வரவேண்டும். அக்கொப்பி பயிற்றுநரின் பெட்டியில் அன்றி, மாணவனின் பையிலேயே இருக்கவேண்டும். அவன் செல்லும் இடமெல்லாம் அதுவும் செல்லவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தாயோ தந்தையோ அதனைக் கூட்டிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பயிற்றுநரும் பந்தைக் கையிற் கொடுப்பதற்கு முன்னர் அதனைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளும் இன்று வேகப்பந்து வீச முன்வருகின்றனர். அவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அளவு பார்த்தலின் அருமையைத் தமிழ் யூனியன் மைதானமே ஒருகால் கற்பித்தது. 1948 மார்ச்சில் டொனல்ட் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் இறங்கி அங்கே ஓர் ஆட்டம் ஆடியது. ஆடும்போது ஆடுகளத்தின் நீளத்தில் ஐயம் எழ, அளந்து பார்த்தனர். இருபத்திரண்டு கஜம் இருக்கவேண்டிய ஆடுகளம் இருபது கஜமே இருந்தது. அத்தனை கண்கள் பார்த்திருந்தும், அளக்கும் வரை அந்த இரண்டு கஜக் குறைவு உறுதிப்படவில்லை. இளம் வீச்சாளனின் முதுகிலும் அவ்வாறே. கண்ணுக்கு அவன் வலியவனாகவும் உற்சாகம் மிக்கவனாகவும் தோன்றுகின்றான். அளந்து பார்த்தால்தான் குறைவு தெரியும்.

தெஹிவளைக் கடற்கரையிலே சூரியன் கடலில் இறங்கும் வேளையில், ஓடிவந்து பந்தை விடும் அந்தச் சிறுவனை நிறுத்தவேண்டியதில்லை. அவன் வீசட்டும்; வேகமாகவே வீசட்டும். அவனுக்காக எண்ணுவதற்கு ஒருவர் இருந்தாற் போதும்.